கழிவு காட்டாத கிளியம்மாள்

"கழிவை எடுத்து வைம்மா, எடை போடணும்னு காலையிலேர்ந்து—"

"இருந்தாத்தானே சார் எடுத்து வெப்பேன், நானும் காலையிலேர்ந்து அதத்தான்—"

"குறுக்கே பேசாதே. மீன்னு ஒண்ணு இருந்தா கழிவுன்னு ஒண்ணு—"

"நீதான் சார் குறுக்க பேசற. நான் பேசிக்கினு இருக்கசொல்ல—"

"நூத்துக்கு நாப்பத்திநாலு! வாரியத்துப் புத்தகத்துல அச்சடிச்சிருக்கு. நூறு கிலோ மீனுக்கு நாப்பத்திநாலு கிலோ கழிவு. உன்னோட நாப்பத்திநாலு எங்கே?"

"ஐயையோ, சத்தியமா நான் எடுக்கல சார்!"

ஒரகடம் கூட்டுரோட்டு வேப்பமரத்தடியில் இந்தப் பேச்சு நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆவணி மாதம். கிளியம்மாள் அருவாமணையைக் காலால் அழுத்திக்கொண்டு ஒரு கட்லாவின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தாள். எதிரே நின்றவர் தாண்டவராயன். முழுமீன் பயன்பாட்டுத் தொழில் ஒத்துழைப்பு வாரியத்தின் களப்பணியாளர். இடது கையில் தராசு, வலது கையில் படிவம். படிவத்தில் பதினாறு கட்டங்கள். பதினைந்தை நிரப்பிவிட்டார். பதினாறாவது கட்டம் 'கழிவு, கிலோவில்.' அதன் கீழே பொடி எழுத்தில், 'பூஜ்யம் எழுதக் கூடாது' என்று இருந்தது.

"தலை எங்கே போச்சு?" என்றார்.

"தல பட்டறைக்காரங்களுக்கு. அதோ, அந்த டிபன் மூடி."

"குடல்?"

"ரத்தினத்து வாத்துக்கு. அந்த எண்ணெய் டின்னு."

"செதில்?"

"அதுவும் கழுவுன தண்ணியும் முனியம்மா மல்லித் தோட்டத்துக்கு. அந்த பக்கெட்டு. சினை அந்தப் பித்தளக் குண்டான்ல. வாலும் துடுப்பும் பேட்டரி கம்பெனி வாட்ச்மேன் நாய்க்கு. அதுக்கு ஏனம் கெடயாது, அதுவே வந்து குந்திக்கும்."

அவளுக்குப் பின்னால் மரத்தைச் சுற்றி ஒன்பது பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. இது அந்தக் கூட்டுரோட்டு வழக்கம். விடியற்காலையில் அவரவர் வந்து ஏனம் வைத்துவிட்டுப் போவார்கள். யாருடைய ஏனம் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்தப் பாகம் அவர்களுடையது. யாரும் யாருடையதையும் எடுப்பதில்லை. சதை வாங்குகிறவர்கள் வாங்கிப் போவார்கள். மிச்சம் ஏனங்களுக்குப் போகும். மத்தியானம் கிளியம்மாள் எழுந்திருக்கும்போது மண்ணில் ஈரம்தான் இருக்கும். அந்த ஈரத்தையும் வேப்பமரம் எடுத்துக்கொள்ளும்.

தாண்டவராயன் சுற்றிப் பார்த்தார். பிறகு, எதையாவது எழுதாமல் போக முடியாது என்பதால், குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'கடையின் பின்புறம் அடையாளம் தெரியாத பாத்திரங்கள் ஒன்பது. ஆக்கிரமிப்பு.'

பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த மரகதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மரகதம் கிளியம்மாளின் ஓரகத்தி, மூத்தவள். தாண்டவராயன் போனதும் கிளியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி கிளி, ரெண்டு தலய எடுத்துத் தராசுல போட்டா கையா முறிஞ்சுடும்?"

"அது பட்டறக்காரங்க தலக்கா."

"மேட வேணுமா வேணாமா? ரோடு போடறாங்க, மரத்த சாய்க்கப் போறாங்க. மீன் விக்க எட்டு மேடதான் கட்டியிருக்கு. ஒத்துழைப்புச் சான்று இல்லாட்டி மேட கெடயாதாம். அப்பறம் கூடைய எங்க எறக்குவ? லாரி மேலயா?"

கிளியம்மாள் அடுத்த மீனை எடுத்து அருவாமணையில் வைத்தாள். அவளுக்குப் புருஷன் இல்லை. கூடையை இறக்க ஓரிடம் இருந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

"சரிக்கா. இன்னா கேக்கறாங்களோ குடுத்துடலாம்" என்றாள்.

வாரியம் ஒரு பயிற்சி முகாமுக்கு வரச் சொல்லியிருந்தது. இடம், மறைமலை நகரில் ஒரு மண்டபம். நாள், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. தொழிற்பேட்டையில் ஒருத்தரும் மீன் தொடாத நாள் என்பதால் மண்டபம் காலியாகக் கிடைத்தது. மீன்காரிகளும் காலியாகக் கிடைத்தார்கள். வாசலில் ஒரு பலகை: 'முழுமீன் வாரம். மண்டபத்துக்குள் மீன் கொண்டுவரத் தடை.'

வாரியத்தின் துணை இயக்குநர் பராங்குசம் பேச எழுந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா.

"சகோதரிகளே! நான் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. எங்கள் அகத்தில் அதன் பேரைச் சொன்னாலே வாயைக் கொப்பளிப்பார்கள். இதனாலேயே இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மீன் சாப்பிடுகிறவனுக்கு ஒருத்தனுக்குத் தலை பிடிக்கும், ஒருத்தனுக்கு நடுத்துண்டு பிடிக்கும். பட்சபாதம் வந்துவிடும். எனக்கு எல்லாப் பாகமும் சமம்."

கைதட்டச் சொல்லி தாண்டவராயன் ஓரத்திலிருந்து ஜாடை காட்டினார். தட்டினார்கள்.

"இதற்கு முன் நான் வேறொரு வாரியத்தில் இருந்தேன். நான் பொறுப்பேற்றபோது அங்கே கழிவு பன்னிரண்டு சதவீதம். நான் விட்டு வரும்போது கழிவே இல்லை. வாரியமும் இல்லை."

இன்னொரு முறை தட்டினார்கள். சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அதில் மீனின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வண்ணம், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு ஆலையின் பெயர்.

மரகதம் கையைத் தூக்கினாள். "சார், வாலக் காணமே."

"காகிதத்தில் இடம் போதவில்லை. வாலை அடுத்த நிதியாண்டில் எடுத்துக்கொள்கிறோம்."

பிறகு நான்கு ஆலைக்காரர்கள் எழுந்து தங்கள் ஒத்துழைப்பை அறிவித்தார்கள். பசை ஆலைக்குச் செதில் வேண்டும்; காய்ந்திருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், மீன் வாடை அடிக்கக் கூடாது. கோழித்தீவன ஆலைக்குக் குடல் வேண்டும். ஒரே ரக மீனுடையது, ஒரே தடவையில் இரண்டு டன். உர ஆலைக்கு எதுவானாலும் சரி, ஆனால் மூன்று மாதம் முன்கூட்டியே அழுகியிருக்க வேண்டும். கடைசியாக எழுந்தவர் இடுப்புப் பட்டை செய்கிறவர். மீன் தோலில் பட்டை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறாராம். அவருக்கு ஒரே மீனில் நாலடி நீளத்துக்குத் தோல் வேண்டும்.

"நாலடிக் கெண்ட எந்த ஏரியில கீதுன்னு சொல்லு சார்," என்றாள் கிளியம்மாள் எழுந்து நின்று, "நாங்களும் வந்து ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போறோம்."

மீன்காரிகள் சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. நடவடிக்கைக் குறிப்பேட்டில் தாண்டவராயன் எழுதினார்: 'மகளிர் ஆர்வத்துடன் வரவேற்றனர்.'

எழுந்தது எழுந்துவிட்டோம் என்று கிளியம்மாள் தன் சந்தேகத்தையும் கேட்டுவிட்டாள்.

"சார், எங்க கிட்டதான் மிச்சமே கெடயாதே. இல்லாதத எப்பிடி சார் கொறைக்கறது?"

பராங்குசம் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். "பேஷ். நல்ல கேள்வி. குறைப்பதற்கு முதலில் ஒரு அளவு வேண்டும் அல்லவா? அதனால் மூன்று மாதம் நீங்கள் கழிவு செய்யுங்கள். நாங்கள் எடை போடுகிறோம். நான்காம் மாதத்திலிருந்து அதை நாங்கள் குறைத்துக் காட்டுகிறோம்."

"நாலாம் மாசம் இன்னா ஆவும் சார்?"

"மீனின் ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருத்தருக்குப் பயன்படும்."

"இப்பவே அப்பிடித்தானே சார் ஆவுது?"

"இப்போது அது தானாக நடக்கிறதம்மா. தானாக நடப்பதை ஆண்டறிக்கையில் எப்படி எழுதுவது?"

கிளியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் புளியோதரையும் தயிர்சாதமும் போட்டார்கள். இருநூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள். வந்தது முப்பது பேர். மிச்சத்தை இரண்டு ஆட்கள் அண்டாவோடு தூக்கிப்போய் மண்டபத்துக்குப் பின்னால் கொட்டினார்கள். படிவத்தில் சோற்றுக்குக் கட்டம் இல்லாததால் அதை யாரும் எடை போடவில்லை.

திங்கட்கிழமை ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் வந்தது. அதில் வெள்ளைச் சாயத்தில் 'கழிவு: வாரியச் சொத்து' என்று எழுதியிருந்தது. டிரம்மை இறக்கிய அதே வண்டியில் ஒன்பது ஏனங்களையும் ஏற்றினார்கள்.

"சார், சார், அது ஜனங்க ஏனம் சார்!"

"ஆக்கிரமிப்புப் பொருள். குறிப்புல இருக்கு. உரிமையாளர் நேர்ல வந்து மனு குடுத்து, பேர் வெட்டியிருந்தா அந்தப் பேர் தன்னோடதுதான்னு நிரூபிச்சு வாங்கிக்கலாம்."

"யாருகிட்ட சார் மனு குடுக்கணும்?"

"என்கிட்டதான்" என்றார் தாண்டவராயன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் பென்னலூரில் தன் வீட்டுக்குப் போனபோது மனைவி எழிலரசி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க என் குண்டான்?"

"எந்தக் குண்டான்?"

"பித்தளக் குண்டான். நம்ப கல்யாணத்துக்கு எங்க பெரிம்மா குடுத்தது. அடியில பேரு வெட்டியிருக்குமே, தாண்டவராயன் எழிலரசின்னு. நாலு வருசமா புதங்கெழமையும் ஞாயித்துக்கெழமையும் மீன் சினை வறுத்துப் போடறேனே, அது இன்னா வானத்துலேர்ந்து உழுதுன்னு நெனச்சியா? ரத்தினண்ணன்தான் கூட்டுரோட்டுக்கு எடுத்துகினு போய் வெச்சுட்டு எடுத்தாருவாரு. இன்னிக்கு எவனோ ஒரு ஆபீசரு வாரிகினு பூட்டானாம். அவன் கை வெளங்குமா?"

தாண்டவராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் முறைப்படி ஒரு மனு எழுதி, ஆபீசில் தன் மேஜையின் இடது பக்கம் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அதை வலது பக்கத்துக்கு எடுத்துப் படித்தார். வாரிய ஊழியர் ஒருவரின் குடும்பத்துப் பாத்திரம் ஆக்கிரமிப்பில் ஈடுபட்டிருப்பது வருந்தத்தக்கது என்று தோன்றியது. மனுதாரர் தகுந்த காரணம் காட்டவில்லை என்றும் தோன்றியது. நிராகரித்துக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் பருப்பு ரசம்தான்.

கிளியம்மாள் கழிவு செய்ய ஆரம்பித்தாள். அது சுலபமாக வரவில்லை. கை பழக்கத்தில் தலையை வலது பக்கம் தள்ளும். அங்கே ஏனம் இருக்காது. எடுத்து டிரம்மில் போடுவாள். குடலைப் பின்னால் வீசுவாள். பிறகு எழுந்து போய்ப் பொறுக்கி டிரம்மில் போடுவாள். வாட்ச்மேன் நாய் மூன்று நாள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தது. நான்காம் நாள் எழுந்து நடுரோட்டுக்குப் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாம் நாள் டிரம் நிறைந்தது. லாரி வரவில்லை. ஏழாம் நாள் மீன் வாங்க யாரும் கிட்டே வரவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஒரகடம் வருவதற்கு ஒரு மைல் முன்னாலேயே, ஊர் வந்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள். ஒன்பதாம் நாள் லாரி வந்து டிரம்மை ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் அதே டிரம்மோடு திரும்பி வந்தது.

"இன்னாப்பா, வாங்கலயா?"

லாரிக்காரர் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "பச ஆலையில, ஈரமா கீது, காய வெச்சு எடுத்தாங்கறான். தீவன ஆலையில, ரெண்டு டன்னுக்கு ஆயிரத்தி தொள்ளாயிரத்தி நுப்பது கிலோ கொறையுதுங்கறான். உர ஆலையில, ஒம்போது நாள்தான் அழுவியிருக்கு, இன்னும் எண்பத்தோரு நாள் அழுவட்டும்ங்கறான்."

"பெல்ட்டு போடறவரு?"

"அவன் கேட்டையே தொறக்கல. உள்ளேர்ந்தே நாலடி கீதான்னு கேட்டான்."

டிரம்மை ஏரிக்கரையில் குழி வெட்டிக் கவிழ்த்தார்கள். இரண்டு நாள் கழித்து வாரியத்திலிருந்து கிளியம்மாளுக்கு ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார். 'தங்கள் கடையில் நாற்பத்திநான்கு சதவீதக் கழிவு எட்டப்பட்டுள்ளது. பாராட்டுகள். ஏழாம் மேடைக்குத் தங்கள் பெயர் பரிசீலனையில் உள்ளது.'

மரகதத்துக்கு வந்த கடிதத்தில் அறுபத்தொன்று என்று இருந்தது. கருவாட்டில் ஏது கழிவு? அவள் ஏரிச் சேற்றை அள்ளித் தன் கடைக்கு வந்த டிரம்மில் போட்டு, மேலே நாலு காய்ந்த நெத்திலித் தலையைத் தூவிவிட்டாள். தாண்டவராயன் எடை போட்டார். அவளுக்கு 'மாதிரிக் கழிவாளர்' என்று பட்டம் கொடுத்து, இரண்டாம் எண் மேடையையும் ஒதுக்கிவிட்டார்கள்.

"பாத்தியா? பொழைக்கத் தெரிஞ்சுக்கடி" என்றாள் கிளியம்மாளிடம்.

வாரங்கள் போயின. ரத்தினம் ஒரு நாள் வந்து நின்றான். "யக்கா, வாத்துங்க முட்டையே உடல. வாரியத்துல தீவன வில்ல குடுக்கறாங்கன்னு மனு போட்டேன். ஒவ்வொரு வாத்தும் கழிவு செய்யாதுன்னு சான்று வாங்கியாரச் சொல்றாங்க. நான் வாத்த இன்னான்னு சொல்லிக் கூட்டினு போவேன்?"

பட்டறைக்காரன் அண்ணாதுரையும் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் பதினான்கு பேர் ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிட்டு இரும்பு அடிக்கிறவர்கள். அவன்தான் அவர்களில் மூத்தவன்.

"யக்கா, ஒரு மாசமா வெறும் புளித்தண்ணிதான். மூணு மணிநேரம் ஓ.டி. பாத்தா கையில சம்மட்டி நிக்க மாட்டேங்கு. சூப்பர்வைசர் வையுதான். ஒரு தலை கிடைக்குமா, ஒண்ணே ஒண்ணு?"

கிளியம்மாள் அப்போதுதான் ஒரு கட்லாத் தலையை டிரம்மில் போட்டிருந்தாள். அண்ணாதுரை குனிந்து அதை எடுத்தான்.

"ஏய், வை! வாரியச் சொத்து!" என்று தாண்டவராயன் ஓடி வந்தார். அவர் முகமும் பருப்பு ரசத்தில் வாடித்தான் இருந்தது. "திருட்டுக் கேஸ் ஆயிடும். வை கீழே!"

அண்ணாதுரை வைத்துவிட்டான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. "தப்புதான் சார்" என்றான்.

கிளியம்மாள் அருவாமணையிலிருந்து காலை எடுத்தாள். எழுந்தாள். டிரம்முக்குள் கையை விட்டு அந்தத் தலையை எடுத்து, தண்ணீரில் அலசி, ஒரு தாமரை இலையில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, புடி."

"யக்கா, ஒங்க மேடை..."

"இன்னா மேட? அதும் மேல ஏறி நின்னு டிரம்முக்கு மீனு வெட்டவா நான் கெடக்கறேன்? இத்தினி நாளா நான் உங்க சோத்துல மண்ணு அள்ளிப் போட்டுகினு இருந்தேன்ப்பா. எடுத்துகினு போ. நாளைக்கு எல்லாரும் வாங்க."

"இந்தாம்மா, இது மீறல்" என்றார் தாண்டவராயன்.

"எழுதிக்க சார். அந்தப் பொடி எழுத்துக்குக் கீழ எடம் இருந்தா எழுதிக்க."

அன்றே டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டாள். காத்திருக்கிறவர்கள் உட்கார வசதியாக இருந்தது. ஒரு வாரத்தில் வாரியத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தபால்காரர் இந்த முறை மெதுவாகப் படித்தார். 'கழிவைக் குறைப்பது வாரியத்தின் பணி. பயனாளி, வாரியத்துக்குத் தெரிவிக்காமல், நாற்பத்திநான்கு சதவீதக் கழிவைத் தன்னிச்சையாகவும் ஒரே நாளிலும் ஒழித்திருப்பது ஒத்துழையாமை ஆகும். ஏழாம் மேடைக்கான தங்கள் பெயர் நீக்கப்படுகிறது.'

மார்கழி பாதியில் மேடைகள் திறப்பு விழா வந்தது. விழா காலை பத்து மணிக்கு. ஆறு மணிக்கே ரோடு போடுகிற மஞ்சள் வண்டி வந்து வேப்பமரத்தைச் சாய்த்துவிட்டது. கிளியம்மாள் விடியற்காலையில் பென்னலூர் ஏரியில் எடுத்த மீனோடு வந்தபோது அவள் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. கூடையை ஈரச்சாக்கால் மூடி, அதைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். இறக்கினால் ரோட்டுக்காரன் எடு என்பான். நகர்ந்தால் வாரியத்துக்காரன் இங்கே வைக்காதே என்பான்.

எட்டு மேடைகளும் மார்பளவு உயரத்தில் கட்டப்பட்டிருந்தன. ஏற்கெனவே தபாலாபீஸ் கவுண்டருக்கு என்று போட்ட வரைபடம் ஒன்று மிச்சம் இருந்ததாம். தண்ணீர்க் குழாய் இல்லை. சாக்கடையும் இல்லை, இது கழிவில்லாச் சந்தை என்பதால் சாக்கடை வைத்தால் கொள்கைக்கு முரண் என்று பராங்குசமே கோப்பில் எழுதியிருந்தார். முன்னால் குறுக்கே ஒரு சிவப்பு நாடா.

சிறப்பு விருந்தினர் பசை ஆலை முதலாளி. அவர் வர மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. இரண்டு மணிக்குத்தான் முதல் ஷிப்ட் விடும். பட்டறைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் திமுதிமுவென்று கூட்டுரோட்டுக்கு வந்து, வழக்கம்போல வேப்பமரத்தைத் தேடினார்கள்.

விழாப் பந்தலில் பராங்குசம் பேசிக்கொண்டிருந்தார்.

"...மூன்றே மாதத்தில் இந்தப் பகுதியில் கழிவைச் சராசரியாக ஐம்பத்திரண்டு சதவீதத்துக்கு உயர்த்தியிருக்கிறோம்! இதற்கு முன் இங்கே கழிவு என்பதற்கான எந்தப் பதிவும் கிடையாது. மக்கள் அவ்வளவு பின்தங்கியிருந்தார்கள். மீனின் ஒவ்வொரு பாகத்தையும் அவர்களே தங்களுக்குள் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கேட்பார் இல்லை! மேற்பார்வை இல்லை! இன்று நான்கு ஆலைகள் நம்மோடு கைகோத்திருக்கின்றன. இதுவரை ஒரு கிலோகூட எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், கோத்த கையை யாரும் விடவில்லை என்பதை இங்கே நன்றியோடு... அடுத்து, மாதிரிக் கழிவாளர் திருமதி மரகதம் உறுதிமொழி சொல்வார்."

மரகதம் மைக் முன்னால் வந்தாள். வாரியம் எழுதிக் கொடுத்ததை மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தாள்.

"நான் அறியாமையால் மீனை வீணாக்கி வந்தேன். வாரியம் என் கண்ணைத் திறந்தது. இன்று முதல்..." என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். தலையில் கூடையோடு, கழுத்து நரம்பு புடைக்க, எட்டு மணி நேரமாக நின்றிருந்த கிளியம்மாள் கண்ணில் பட்டாள்.

"இன்று முதல்..." என்றாள் மறுபடியும். பிறகு மைக்கிலேயே கத்தினாள்: "ஏண்டி கிளி! இன்னாத்துக்குடி செல மாதிரி நிக்கற? மீனு வெந்துடும்டி! ஏழாம் மேட காலியாத்தானே கீது? ஏறுடி!"

கிளியம்மாள் ஏறினாள். மார்பளவு மேடையில் ஒரு பெண் ஏறுவது எளிதல்ல. அண்ணாதுரை கீழே குனிந்து முதுகைக் கொடுத்தான். ரத்தினம் கூடையைத் தூக்கிக் கொடுத்தான். அருவாமணையை வைத்து, காலை மடக்கி உட்கார்ந்து, முதல் மீனைப் பிளந்தாள். எட்டு மணி நேரக் கழுத்துவலியோடு பிளந்தாள். சத்தம் மைக்கில் கேட்டது.

"அம்மா! இறங்குங்கள்!" என்றார் பராங்குசம். "அது நிலுவையில் உள்ள மேடை!"

"மீனு நிலுவையில கெடக்காது சார். யாருப்பா மொதல்ல?"

ஏனங்கள் ஆபீசில் இருந்தன. அதனால் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டறைப் பையன் ஒருவன் இரும்புத் தொப்பியை நீட்டினான். முனியம்மாள் கிரீஸ் டப்பாவை அலசிக் கொண்டுவந்தாள். வாங்கவந்தவர்கள் தாமரை இலையை ஏந்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக நின்றது ஒரு வரிசையாகி, விழாப் பந்தலுக்குள் வளைந்து, சிறப்பு விருந்தினரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பொட்டலம் கட்ட நூல் இல்லை என்று யாரோ சொன்னார்கள். மரகதம் சிவப்பு நாடாவை ஒரு முழம் பிய்த்துக் கொடுத்தாள். பிறகு இன்னொரு முழம்.

"தாண்டவராயன்! போலீசைக் கூப்பிடுங்கள்! பெயர்களை எழுதுங்கள்!"

தாண்டவராயன் படிவத்தோடு ஓடினார். வரிசையில் பதினோராவது ஆளாக எழிலரசி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு அலுமினியத் தூக்கு. அவரைப் பார்த்தாள். தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தான் நிழலுக்குப் போய்விட்டாள். அவர் படிவத்தைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். படிவத்தை நாலாக மடித்து, தூக்கின் மூடிக்குக் கீழே வைத்துக்கொண்டு பத்தாவது ஆளின் பின்னால் நின்றார்.

பராங்குசம் தானே இறங்கி வந்தார். வரிசையைக் குறுக்கே வெட்டிப் போய் அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் ஷிப்ட் முடிந்து பசியோடு நிற்கிறவர்கள் குறுக்கே வெட்ட விடுவதில்லை. "பின்னாடி வா சார்", "ஏன் தள்ளுதீய?", "எல்லாரும் மனுசந்தான்" என்று மாறி மாறிச் சொல்லி, அவரைத் தாண்டவராயனுக்குப் பின்னால் செருகிவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கிரீஸ் டப்பா அவர் முதுகில் இடித்தது. வரிசை நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். தாண்டவராயன் தூக்கில் சினையை வாங்கிக்கொண்டு, மேலதிகாரியின் கண்ணைப் பார்க்காமல் விலகினார்.

பராங்குசம் ஏழாம் மேடையின் முன்னால், வெள்ளைச் சட்டையும் மூன்று பேனாவுமாக, வெறுங்கையோடு நின்றார். வாயைத் திறந்தார். மீன் வாடை உள்ளே போயிற்று, மூடிக்கொண்டார்.

கிளியம்மாள் அடுத்த மீனை எடுத்தாள். வாலைப் பிடித்து உதறினாள். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

"சார், நீங்க வரிசையில நிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?"